முடியுமானதும் நடந்ததும்

வீட்டில் வைத்துவிட்டு வந்த புத்தகம் இந்நேரம் ஒரு சிறுவனாக மாறியிருக்குமா? சிரிக்க வேண்டாம். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமக்கு எதிராகத் தாமே எழுப்பிக்கொண்ட ஆட்சேபம் இது. 'தஹாபுதுல் பலாஸிபா' நூலின் 17ஆவது விவாதத்தில் வருகிறது.

நெருப்புப் பட்டால் பஞ்சு எரிகிறது. எரிந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எங்கே இருக்கிறது? நெருப்புப் பட்டதையும் அதனோடு பஞ்சு எரிந்ததையும் கண்டோம். ஒன்று மற்றதை உண்டாக்குவதை எவரும் கண்டதில்லை. இறைவன் நாடினால் பஞ்சு எரியாமலும் இருக்கலாம் என்கிறார் இமாம்.

அப்படியானால் எதுவும் எதுவாகவும் ஆகலாமே! புத்தகக் கேள்வி இங்குதான் பிறக்கிறது. இவையெல்லாம் 'மும்கின்', அதாவது முடியுமானவை. ஆயினும் அவை நடக்கவில்லை என்ற அறிவையும் இறைவன் நமக்குள் படைத்திருக்கிறான், இடையறாத வழக்கம் அதை மனத்தில் பதித்துவிடுகிறது என்று அவர் பதில் சொல்கிறார். முடியும் என்பதற்காக மட்டும் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்திருப்பது போன்ற முரண்களோ முடியுமானவையே அல்ல. மத்ரஸாவில் வாஜிபு, முஸ்தஹீல், ஜாயிஸ் என்று மனனமிடும் பிள்ளைகள் ஓதுவதும் இந்தப் பாகுபாட்டைத்தான்.

ஆசிரியர்களுக்கு இப்பதில் நன்றாக உதவும். வகுப்பில் ஒருவனின் காசு காணாமற் போனால், "பக்கத்திலிருந்தவன் எடுத்திருக்கலாம் சேர்" என்று ஒரு குரல் எழும். அந்த 'லாம்' என்ற ஈற்றில் ஒரு பிள்ளையின் மானமே தொங்குகிறது. எடுத்திருக்கலாம்தான், எலியும் இழுத்திருக்கலாம்.

இப்னு ருஷ்து (1126–1198) இதனால் திருப்தியடையவில்லை. வழக்கம் என்றால் யாருடைய வழக்கம் என்று 'தஹாபுதுத் தஹாபுத்'தில் கேட்கிறார். இறைவனுடையதா? வழக்கம் பழகிப் பெறுவது. அது அவனுக்குப் பொருந்தாது. உயிரற்ற பொருள்களுடையதா? அதற்குப் பெயர் இயற்கை. நம்முடையதா? அப்படியானால் அது நம் அறிவு செய்யும் தீர்ப்புத்தான். காரணங்களை நீக்குபவன் அறிவையே நீக்குகிறான் என்பது அவர் கட்சி. இந்தக் கேள்வி கனமானது. எளிதில் தாண்டிப்போக முடியாது.

ஆனால் கஸ்ஸாலி அதே விவாதத்தில் இரண்டாவது வழியொன்றும் காட்டியிருக்கிறார். நெருப்புக்கு எரிக்கும் இயல்பு உண்டென்றே ஏற்றுக்கொள்வோம். தல்க் என்னும் கனிமத்தைப் பூசிக்கொண்டவனை அடுப்பு நெருப்பும் சுடுவதில்லையே. அதுபோல நெருப்பிலோ நபியின் உடலிலோ ஒரு தன்மையை இறைவன் மாற்றியிருக்கலாம் என்கிறார். இப்பக்கத்தைப் புரட்டாமலே, இமாம் காரணங்களை முற்றாக மறுத்தவர் என்று எழுதிவிடுவோர் இன்றும் உண்டு.