முதுமையும் உழைப்பும்

தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு, மார்ச்சிலும் ஆகஸ்டிலும், தமிழும் சிங்களமும் பேசும் மக்கள் கற்பிட்டித் தீபகற்பத்தின் அம்மணற்கரையில் பெருந்திரளாய்க் கூடுகின்றனர். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் மூட்டு வலியையும் சுமந்து வரும் முதியோர் அவர்களுள் உண்டு. யேசுவின் பாட்டியிடம் அல்லவா வருகின்றனர்! முதுமையின் துயரை முதியவள் அறிவாள் என எண்ணுகின்றனர் போலும். அந்நம்பிக்கையோடு நமக்கு வழக்கில்லை. விழா முடிந்து வீடு திரும்பிய பின் அவ்வுடல் எவர் பொறுப்பு என்பதே நம் கேள்வி.

"நாள்தோறும் நடவுங்கள், உடம்புக்கு வேலை கொடுங்கள்" என்கிறது மருத்துவம். அது பொய்யன்று. அசையும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. 1953இல் ஜெரமி மொரிஸும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வும் நினைவுக்கு வருகிறது. இலண்டனில், அமர்ந்தே பஸ் ஓட்டிய சாரதிகளைவிட, இரண்டடுக்குப் பஸ்களின் படிகளில் ஏறியிறங்கிய கண்டக்டர்களிடம் இதய நோய் குறைவாயிருந்தது. ஆனால், நாற்பது ஆண்டுகள் கரைவலை இழுத்தவனிடம் சென்று உடற்பயிற்சியை உபதேசிக்க நமக்கு நாக்கூச வேண்டாமா? அவன் அசையாமலா நோயுற்றான்? மீன் கெடாதிருக்க உப்பிட்டான்; விற்றது போக எஞ்சிய கருவாட்டை உண்டான்; அந்த உப்பே இன்று அவனது இரத்த அழுத்தத்துக்குப் பகையாய் நிற்கிறது. இதனை அவனுடைய ஒழுக்கக்குறைவு என்பது அநீதி.

மறுபுறம் பிள்ளைகளின் அன்பு. "இனி நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அப்பா" என்று கிழிந்த வலையையும் ஊசியையும் கையிலிருந்து வாங்கிவிடுகின்றனர். மூட்டு இறுகுகிறது, வீட்டில் தாம் எதற்கென்ற ஐயம் மனத்தில் புகுகிறது. வறுமை அவரை ஓய விடாது வதைத்தது. அன்பு அவரை ஓய்வில் கட்டிப்போடுகிறது. இரண்டிலும் அவரது விருப்பத்தை எவரும் கேட்டாரில்லை.

1990ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் மீனவர்க்கு ஓய்வூதியத் திட்டம் ஒன்றை வகுத்தது. அது சந்தா செலுத்தும் திட்டம். கடல் தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை என்று வாழ்பவனுக்குச் சந்தா என்பது எளிய சொல்லன்று. அப்பொறுப்பிலிருந்து அரசை நாம் விடுவிக்கவில்லை. எனினும், சமுதாயம் மாறும்வரை பொறுத்திருக்கச் சொல்வது திடகாத்திரமானவர்களின் தத்துவம். புண்பட்ட பாதம் பொறுத்திராது.

பாதத்தையே எடுத்துக்கொள்வோம். நீண்டநாள் நீரிழிவு நரம்பைத் தாக்கினால் உள்ளங்கால் உணர்விழக்கும். நண்பகல் மணல் சுட்டாலும் தெரியாது. ஆகவே செருப்பு வேண்டும். மாலைதோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் தம் பாதத்தை எங்ஙனம் காண்பார்? பள்ளி விட்டு வந்த பேரன் பார்க்கட்டும். அவன் கால் பார்க்கும் நேரத்தில் பாட்டனார் அவனுக்கு வலை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கட்டும். நிழலில் ஒரு முக்காலி, அருகில் குடிநீர், வேளை தவறாத மருந்து, கையில் ஊசி. போதுமென்று அவரே சொல்லும்போது அந்த ஊசியை வாங்கி வைக்கலாம்.