சட்டம் வடித்த ரவை

இலங்கையின் கிழக்கே தேற்றாத்தீவிலிருந்து வாவி கடந்து படுவான்கரை வயல் வட்டைகளுக்குக் காவலுக்குப் போனவர்களுக்குப் பழகிய துவக்குகள் இரண்டு: மருந்தை வாய்வழி இட்டு இடித்துக் கெட்டிக்கும் இடியன், அனுமதிப்பத்திரத்தோடு வரும் 12 போர். அக்கரை இந்தியாவில் காவலுக்கும் வேட்டைக்கும் நின்றதோ வேறொரு ரவை. அதன் எண் .315.

முதலில் எண்ணைப் பார்ப்போம். ஓர் இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், அவற்றில் ஒன்று 12 போர்க் குழலுக்கு அளவாக இருக்கும். ஆகவே அங்கே எண் கூடக் குழல் சிறுக்கும். ரைபிளில் எண் என்பது அங்குல அளவு; .315 அங்குலம் 8 மில்லிமீற்றர். குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் வரிப்பள்ளங்களுக்கு இடையே மேடுகள் உண்டு. எதிரெதிர் மேடுகளுக்கு இடைப்பட்ட விட்டத்தையே இந்த எண் குறிக்கிறது. சன்னமோ .323 அங்குலம். துளையைவிடச் சற்றே பருத்திருப்பதால் மேடுகள் அதைக் கவ்விச் சுழற்றுகின்றன. சுழல்வதால்தான் அது குறி தப்பாமல் செல்கிறது.

அடுத்தது கோது. பித்தளைக் கோதின் அடியில் துருத்திய விளிம்பு ஒன்று உண்டு. துவக்கின் ரவைப்பெட்டியில் மேலுள்ள ரவையின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி அடுக்க வேண்டும். மாறி அடுக்கினால் மேல் ரவை கீழ் ரவையில் கொளுவி, துவக்கு இறுகிவிடும்.

இக்கோது பிறந்தது ஆஸ்திரியாவில். மன்லிச்சர் துவக்குக்காக 1890 அளவில் அதன் படையினர் ஏற்ற ரவை இது: 15.8 கிராம் சன்னம், விநாடிக்கு ஏறத்தாழ 620 மீற்றர் வேகம். இது இந்தியாவுக்கு வந்ததற்குக் காரணம் வேகமன்று, சட்டம். பிரித்தானியப் படையின் ரவை .303. அது பொதுமக்களின் துவக்கில் பொருந்தக் கூடாது என்று அரசு அஞ்சியது. திருடிய படை ரவைகள் கிளர்ச்சிக்காரரிடம் சேரலாம் அல்லவா? .315இன் விளிம்பு .303இன் விளிம்பை ஒட்டிய அளவுடையது. அதனால் படைத் துவக்கான லீ-என்பீல்டின் பொறியமைப்பைப் பெரிதாக மாற்றாமலே பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. நிறுவனம் வேட்டைத் துவக்குகளைச் செய்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்த மரபு வங்காளத்தின் இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு வந்தது. 1959இன் ஆயுதச் சட்டமும் .303ஐ விலக்கியே வைத்தது.

தொலைதூரக் குறிப்பயிற்சிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கனத்த, மெதுவான சன்னம் தூரம் கூடக் கூட விரைவாகத் தாழும். காட்டின் கிட்டிய தூரத்துக்கே அது தகும். அந்தக் காடும் அதற்கு மூடப்பட்டது: 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கியது, 1991இன் திருத்தம் உரிம வேட்டையை ஒழித்தது.

ஆனால் ரவை தொழிற்சாலையில் நிற்கவில்லை. வட இந்தியக் குற்றச் செய்திகளில் நாட்டுக் கைத்துப்பாக்கியோடு .315 என்ற எண் அடிக்கடி வரும். படை ரவை அன்று என்பதால் பொதுமக்களுக்கு அனுமதித்த அதே ரவைதான் அது.