அப்பாயி மறக்கவில்லை

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அப்போது என் அப்பாயிக்கு இருபது வயசுக்கு மேல. வாழ்க்கைப்பட்டது பக்கத்து ஊர்ச் சேரி.

வாய்மொழி வரலாறு பதிவு பண்ணணும்னு அவங்க முன்னாடி போய் உக்காந்தேன். நான் கேட்டது தீயைப் பத்தி. அவங்க சொன்னதோ நடவுப் பாட்டு, வாய்க்கால்ல நண்டு பிடிச்சது, கூட நட்டவளுங்க பண்ணின கேலி. திரும்பத் திரும்பக் கேட்டதுக்கு, "அதெல்லாம் எதுக்குடா தம்பி இப்ப, நல்லதப் பேசு"ன்னுட்டாங்க.

எனக்குக் கோபம் வந்தது. அடிமைத்தனம் ஊறிப்போய் வலிகூட மரத்துப் போச்சு என்று மேடையில் பேசுவோமே, அந்தக் கணக்கில் அப்பாயியையும் சேர்த்துவிட்டேன்.

முதுமை பற்றிய உளவியலைப் பிறகுதான் படித்தேன். சார்லஸ், மாதர், கார்ஸ்டென்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. நல்லதும் கெட்டதுமான படங்களைக் காட்டி, பிறகு நினைவுகூரச் சொன்னால், வயதானவர்களின் நினைவில் கெட்ட படங்களின் பங்கு இளைஞர்களைவிடக் குறைவு. மிச்சமிருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று உணர்கிற மனம், நிம்மதி தருவதன் பக்கம் கவனத்தைத் திருப்புகிறது என்கிறார் கார்ஸ்டென்சன். 2005-இல் மாதரும் நைட்டும் இன்னொன்றைக் காட்டினார்கள். படம் பார்க்கும்போதே வேறொரு வேலையும் கொடுத்துக் கவனத்தைச் சிதறடித்தால், முதியவர்களிடம் இந்தச் சாய்வு நிற்பதில்லை. அப்படியானால் அது மறதியல்ல. மனசு பாடுபட்டுச் செய்கிற வேலை.

இதெல்லாம் அமெரிக்கக் கிழவர்களிடம் செய்த சோதனை. நம்ம சேரிக் கிழவிகளிடம் அல்ல. ஆனாலும் போன மழைக்காலத்தில் அப்பாயி காய்ச்சலில் நெனவு தப்பிக் கிடந்தபோது, நான் கேக்காமலே அந்த ராத்திரி வந்தது. "கெழக்கால செவப்பா தெரியுதே, புள்ளைங்களத் தூக்கு, வரப்பு வழியா ஓடு." விடியவிடிய இதேதான். அம்பது வருசத்துக்கு மேலாக அவங்க எதைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாங்க என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நாளைக்கு உயிரோட இருப்போமா என்பதே தெரியாத ஒருத்திக்கு, மிச்சக் காலத்தை எண்ணுவதற்கு முதுமை வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வேலையை அவங்க இருபதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. "அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்தோம், உங்க கெழவியையே கேளுப்பா" என்று ஊர்த்தெருவில் சொல்வார்கள். கிழவி பாடும் நடவுப் பாட்டைத் தங்களுக்கு நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வார்கள். அதை நாம் அனுமதிக்க முடியாது. அதற்காகக் கிழவியை உலுக்கிச் சாட்சி வாங்கவும் நமக்கு உரிமையில்லை. நம் கட்டுரைக்கு ரத்தம் வேண்டும் என்பதற்காக அவங்க கட்டிக் காத்த நிம்மதியைக் கலைத்தால், அதுவும் ஒரு சுரண்டல்தான்.

வழக்கு இருக்கிறது, ஆவணம் இருக்கிறது, தாமாகவே பேச முன்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தேடி அலைய வேண்டியது, கோபத்தைச் சுமக்க வேண்டியது, வயசும் காலும் உள்ள நாம்தான்.

காய்ச்சல் விட்டு எழுந்த அப்பாயி நண்டுக் கதையை மறுபடி சொன்னாங்க. இந்தத் தடவை குறுக்கே பேசாமல் முழுசாக் கேட்டேன்.