கேள், துணிந்து கேள்!

"பெரிய பெரிய ஆளுங்களே சொல்றாங்க, நமக்கு என்ன தெரியும்?" இந்த நினைப்பை இன்றே தூக்கி எறி! உன் பணத்தையோ ஓட்டையோ பறிக்க வருபவன், முதலில் பறிப்பது உன் அறிவின்மேல் உனக்கிருக்கும் நம்பிக்கையைத்தான்.

2012-இல் கொங்கு மண்டலத்தில் ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டுத் திட்டங்கள் சரிந்தன. சேமிப்பைக் கொட்டியவர்கள் புகார் மனுவோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் ஏமாளிகளா? சந்தையில் பத்து ரூபாய்க்கும் பேரம் பேசத் தெரிந்தவர்கள்! அப்படிப்பட்டவர்களையும் சாய்க்கும் பேச்சுகள் இன்றும் ஊர் ஊராய் வலம் வருகின்றன. ஒவ்வொன்றையும் உரித்துப் பார்.

"நடிகரே விளம்பரத்துல வர்றாரு." நடிப்பு அவர் தொழில். கோழி வியாபாரத்துக்கு அவர் முகம் சாட்சியாகுமா?

"ஊரே சேர்ந்துடுச்சு." கூட்டம் கூடியதற்கு அது சான்று, லாபம் வரும் என்பதற்கு அல்ல.

"பக்கத்து வீட்டுக்குப் போன மாசம் பணம் வந்துச்சே." கோழி விற்ற காசா, புதிதாய்ச் சேர்ந்தவர் கட்டிய காசா?

"சேர்ந்தா முதலாளி, சேராட்டி கூலி." வழி இரண்டுதான் என்று அளந்தவன் யார்?

"இவ்வளவு கேக்கிறியே, நீ என்ன படிச்சிருக்கே?" பதில் இல்லாதவன்தான் கேள்வியை விட்டுவிட்டு ஆளை அடிப்பான். அங்கேயே அவன் தோற்றுவிட்டான்!

அன்று கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: "இந்த ஈமு கறியைக் காசு கொடுத்து வாங்கப் போவது யார்?" அதைக் கேட்கப் பட்டம் தேவையில்லை, முதுகெலும்பு போதும்.

இந்தக் கூர்மை நமக்குப் புதிதும் அல்ல. மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள், துன்பத்தின் காரணங்களை விளக்குமுன், இளம்பெண் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று கூற்றிலும் காரணத்திலும் எடுத்துக்காட்டிலும் பிழை நுழையும் வழிகளை வகை பிரித்துக் காட்டுகிறார். காஞ்சியில் அவள் கற்றதை நீ கற்க முடியாதா?

ஒன்று மட்டும் மறவாதே. உனக்குப் பிடித்த தலைவர் பேசினாலும் இதே உரைகல்தான். நீயே பேசினாலும் இதே உரைகல்தான். எதிராளியின் பிழை மட்டும் கண்ணில் படுகிறது என்றால் உன் பார்வை இன்னும் தெளியவில்லை.

நாளை யாரோ ஒருவர் படிவத்தை நீட்டி, "இன்னைக்கு விட்டா வாய்ப்பு போச்சு" என்பார். நிமிர்ந்து உட்கார். "ஆதாரம் என்ன?" என்று கேள். பதில் வரவில்லையா? கையெழுத்துப் போடாமல் எழுந்து வா!