சும்மா போய்வருதல்

"எங்கே போறே?" தருமபுரிப் பக்கம் சைக்கிளை எடுக்கும் பெண்ணை நோக்கி முதலில் வரும் கேள்வி இது. பள்ளிக்கு, ரேஷன் கடைக்கு, தையல் வகுப்புக்கு என்றால் வழி கிடைக்கும். "சும்மா, வத்தல்மலை வரைக்கும்" என்றால் கிடைக்காது. பெண் வெளியே போகலாமா என்ற கேள்வியை ஓரளவு கடந்துவிட்டோம். காரணமில்லாமல் போகலாமா என்பது இன்னும் மிச்சமிருக்கிறது.

பிரான்சில் காட்டுமலைப் பாதைகளிலும் பழைய ஊர்களின் கல் தெருக்களிலும் சைக்கிள் ஓட்டுவது இன்று விடுமுறைக் களிப்பு. அதே நாட்டின் பாரிஸில், காவல்துறை அனுமதியின்றிப் பெண்கள் ஆணுடை அணியக் கூடாது என்று 1800இல் ஓர் ஆணை வந்தது. 1892இலும் 1909இலும் அதைத் தளர்த்தினார்கள். சைக்கிளின் ஹேண்டில்பாரையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண் கால்சட்டை அணியலாம். கையை எடுத்துவிட்டால் அனுமதியும் போய்விடும். வழக்கொழிந்து கிடந்த அந்த ஆணை செல்லாது என்று அரசு தெரிவித்தது 2013இல்தான்.

இதைப் படித்துச் சிரிக்கும் நாம் நம்முடைய அனுமதிகளையும் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அது பெரும் சாதனை. ஆனால் அதைப் போற்றியவர்கள் பெரும்பாலும் பயனையே எண்ணினார்கள்: தண்ணீர் கொண்டுவரலாம், விளைந்ததை விற்கலாம், நேரம் மிச்சமாகும். அந்தப் பெண்கள் சைக்கிளுக்கென்றே கட்டப்பட்ட பாட்டைப் பாடினார்கள். அந்த மகிழ்ச்சி எந்தக் கணக்கில் வரும்?

2001இல் தலித், பழங்குடி மாணவியரிடம் தொடங்கிப் பின்னர் எல்லோருக்கும் விரிந்த விலையில்லாச் சைக்கிள் திட்டமும் பள்ளிக்கூட வாசல்வரைக்குமான வழிதான். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அந்தச் சைக்கிள் தம்பிக்கோ அப்பாவுக்கோ போய்ச் சேர்வதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். ஒரு காரணத்துக்காகத் தரப்பட்ட விடுதலை, காரணம் தீர்ந்ததும் திரும்ப வாங்கப்படுகிறது.

காடும் மலையும் பெண்ணுக்கு ஆபத்து என்பார்கள். இந்த மாவட்டத்தில் அதற்குப் பதில் வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரத்து அந்தப் பழங்குடிக் கிராமத்தில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்தவர்கள் வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் ஊர் சுற்றப் போனவர்கள் அல்ல. சொந்த ஊரில் இருந்தவர்கள். ஆபத்து காட்டிலிருந்து வரவில்லை, காட்டைக் காக்கச் சம்பளம் வாங்கியவர்களிடமிருந்து வந்தது. பெண்ணை வீட்டில் இருத்துவதற்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டுபவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

விறகுச் சுமையோடு இறங்குபவளுக்கு மலை உல்லாசமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவளுடைய மலையைக் காட்சிப்பொருளாக்கிவிட்டு வருவது விடுதலை ஆகாது. ஆனால் உழைப்பவளுக்கு வேலை போதும், உலாவுவது வசதியானவளுக்கு என்று பிரிப்பதும் அவளைச் சுமையோடே வைத்துவிடுகிறது. சுமையில்லாமல் அதே மலையில் ஏறிப் பார்க்கும் ஒரு பகல் அவளுக்கும் உரியது.

நம் தகடூரில்தான் அதியமானின் நண்பராக ஔவையார் இருந்தார். மணம் வேண்டாமென்று பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிய பிறகே அவர் ஊர் ஊராய்த் திரிந்தார் என்கிறது மக்கள் வழங்கும் கதை. சங்க ஔவையும் பிற்கால ஔவையும் வேறு வேறு என்பது ஆய்வாளர் முடிவு. புறநானூற்று 89ஆம் பாடலில் பகையரசன் கேள்வி கேட்பது மையுண்ட கண்களும் ஒளிரும் நெற்றியும் கொண்ட விறலியிடம். அந்த இளமையைக் கழித்த பிறகே அவளது பயணத்தைக் கதை ஏற்றுக்கொண்டது.

என் மாணவியர் கிழவியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையில் புத்தகம் இல்லாமல், பை இல்லாமல், ஒரு மாலை அதியமான்கோட்டை வரை மிதித்துவிட்டுத் திரும்பட்டும். "எங்கே போனே?" என்று கேட்டால் "சும்மா" என்று சொல்லட்டும். அது முழுமையான பதில்.