வாசலில் காத்திருந்த நம்பிள்ளை

தத்துவம் படித்தவர்கள் நாலு பேர் கூடினால் சண்டைதான் வரும் என்று நம்மூரில் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடாமல் தனித்தனியே படித்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. நாம் நினைப்பது சரிதானா என்று கேட்க ஆளே இருக்காது.

1872-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் சில இளைஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவரின் படிப்பறையில் கூடிப் பேசினார்கள். சார்லஸ் பர்ஸ், வில்லியம் ஜேம்ஸ், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஹோம்ஸ், கிரீன் என்ற வழக்கறிஞர் எல்லாரும் அதில் உண்டு. ஒருவன் எதை நம்பிக் காரியத்தில் இறங்கத் துணிகிறானோ அதுவே அவனுடைய உண்மையான நம்பிக்கை என்று கிரீன் அடிக்கடி வற்புறுத்துவாராம். நடைமுறைவாதம் அந்தப் பேச்சில்தான் முளைத்தது. ஒரு கருத்தை ஏற்றுக்கொண்டால் நம் நடத்தையில் என்ன மாறும் என்று பார்ப்பதே அதன் உயிர். லாபம் தருவதுதான் உண்மை என்று இதைச் சிலர் சுருக்கிவிடுவது அநியாயம்.

அந்தக் கூட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்ரீரங்கத்து வைணவ ஆசாரியர் நம்பிள்ளையின் கோஷ்டி, அதாவது அவரைச் சூழ்ந்த சீடர் கூட்டம், நினைவுக்கு வரும். அமெரிக்கத் தத்துவமும் வைணவமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒன்று பரிசோதனையை நம்புகிறது, மற்றது சரணாகதியை. கூடி யோசிக்கும் முறையில்தான் இரண்டும் நெருங்குகின்றன. நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன பொருளை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்ததுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதைப் புரட்டினால் நம்பிள்ளையின் ஆசிரியர் நஞ்சீயர் தம் ஆசிரியர் பட்டரைக் கேட்டதும், பட்டர் பதில் சொன்னதும் அடிக்கடி வரும். கேள்வி கேட்டவரையும் மறக்காமல் குறித்துவைத்த உரை அது.

நஞ்சீயர் தாம் எழுதிய திருவாய்மொழி உரையான ஒன்பதினாயிரப்படியைப் படியெடுக்க வரதராஜர் என்ற சீடரிடம் கொடுத்தாராம். காவிரியைக் கடக்கும்போது சுவடி வெள்ளத்தோடு போய்விட்டது. சீடர் கேட்டதை நினைவில் வைத்தே முழுவதும் எழுதினார். தமக்குத் தோன்றிய பொருளையும் சில இடங்களில் சேர்த்தார். படித்துப் பார்த்த நஞ்சீயர் தம்முடையதைவிட நன்றாக இருப்பதைக் கண்டு, நடந்ததைக் கேட்டறிந்து, 'நம் பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார். அந்த வரதராஜர்தான் நம்பிள்ளை. தன் நூலைத் திருத்திய மாணவனைக் கொண்டாட எத்தனை ஆசிரியர்களுக்கு மனம் வரும்?

அதைவிடப் பெரியது கந்தாடைத் தோழப்பர் கதை. அவர் ராமானுஜரின் சீடர் முதலியாண்டானின் வம்சத்தவர். நம்பிள்ளையைச் சூழ்ந்த கூட்டத்தைப் பொறுக்காமல், பெருமாள் சந்நிதியிலேயே பலர் முன்னால் அவரைக் கடிந்து பேசிவிட்டார். நம்பிள்ளை ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லாமல் போய்விட்டார். விஷயம் தோழப்பரின் மனைவி காதுக்கு எட்டியது. அந்த அம்மாள் கணவரை விடவில்லை. செய்தது தவறு என்று நேருக்கு நேர் சொன்னார். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோழப்பர் இரவில் கதவைத் திறந்தால், வாசலில் ஒருவர் கிடக்கிறார். நம்பிள்ளைதான். முதலியாண்டான் வம்சத்தவர் கோபிக்கும்படி நடந்துகொண்டது தம் குற்றம் என்று மாலையிலிருந்து அங்கேயே காத்திருந்தாராம். இவர் உலகத்துக்கே ஆசாரியர் என்று தோழப்பர் சொன்னது அப்போதுதான்.

இது குருபரம்பரை சொல்லும் கதை. அந்த அம்மாள் வாய்மூடி இருந்திருந்தால் அன்று கதவு திறந்திருக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோஷ்டியில் உட்காராத ஒருவர்தான் கோஷ்டியைக் காப்பாற்றினார்.

கூட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி யோசிக்கும்போது அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அவர், அங்கே நடைமுறைவாதியான ஜான் டூயியிடம் படித்தார். ஜனநாயகம் அரசாங்க முறை மட்டுமல்ல, சேர்ந்து வாழ்ந்து அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்ற டூயியின் எண்ணத்தை 1936-இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதியபோது கையாண்டார். யாரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுகிறோம் என்ற கேள்வியை அம்பேத்கரிடமிருந்துதான் கற்றேன். எந்த நல்ல கூட்டமும், ஸ்ரீரங்கத்துக் கூட்டம் உட்பட, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

திருச்சியில் தத்துவம் படிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறீர்கள். கல்லூரியில், வங்கியில், ஓய்வுபெற்று வீட்டில். மாதம் ஒரு மாலை கூடுங்கள். உறையூரிலோ தில்லைநகரிலோ ஒரு மொட்டை மாடி போதும். உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரை முதலில் அழையுங்கள்.