வரவே வேண்டாம் என்கிற கல்லூரிக்குப் போகாதே!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க லோக்கல் ரயிலுக்கு நிற்கும் பட்டதாரித் தம்பியே! காக்களூர் தொழிற்பேட்டையில் பில் போட்டுக்கொண்டே, "பி.எட். படிச்சிருந்தா இந்நேரம் டீச்சர் ஆகியிருப்பேன்" என்று பெருமூச்சு விடும் தங்கையே! உன்னிடம்தான் பேசுகிறேன். பெருமூச்சு போதும். எழுந்திரு!

ஆசிரியராகும் ஆசை உனக்கு இருக்கிறது. கையில் பட்டமும் இருக்கிறது. அங்கேதான் ஒருவர் வந்து காதோடு சொல்வார்: "ரெகுலரா வர வேண்டாம். ஃபீஸ் கட்டிடுங்க, பரீட்சைக்கு மட்டும் வாங்க. ரெக்கார்டு நோட்டு எழுதித் தரக்கூட ஆள் இருக்கு."

கேட்க இனிக்கும். சம்பளமும் போகாது, பட்டமும் வரும். ஆனால் ரெக்கார்டு எழுதித் தருகிற அந்த ஆள், நாளை எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் உனக்குப் பதிலாக வந்து நிற்பானா? நாற்பது பிள்ளைகளின் எண்பது கண்கள் உன்னைப் பார்க்கும்போது, நீ மட்டும்தான் அங்கே இருப்பாய்!

சட்டம் உன் பக்கம்

2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிப்படி வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இரண்டாண்டில் மொத்தம் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. இவை உன்னை வாட்ட வந்த விதிகள் என்று நினைக்காதே. உன் காசுக்குக் கல்லூரி உனக்குத் தர வேண்டிய பாக்கி அது. வர வேண்டாம் என்று சொல்பவர் உனக்குச் சலுகை தரவில்லை. உன் பாக்கியை விழுங்குகிறார்.

தன்னம்பிக்கை எங்கே பிறக்கிறது? மைக்ரோ டீச்சிங் வகுப்பில் போய்ப் பார். ஐந்தாறு நிமிடம், ஒரே ஒரு திறன், எதிரே உன் சக மாணவர்கள். பாடம் முடிந்ததும் பேராசிரியர் சொல்வார்: "கேள்வி கேட்டே, சரி. பிள்ளை யோசிக்க மூணு செகண்டுகூடக் கொடுக்காம நீயே பதிலையும் சொல்லிட்டியே!" முகம் சிவக்கும். அன்றே அதே பாடத்தைத் திரும்ப நடத்துவாய். இம்முறை காத்திருப்பாய். அந்த மூன்று விநாடி மௌனத்தைத் தாங்கக் கற்றவன்தான் ஆசிரியன். அதை எந்த கைடு புத்தகமும் விற்காது.

நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணனைப் பார். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அதன் பிறகும் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். யாருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாக நாடு கொண்டாடுகிறதோ, அவரே பயிற்சிக்குப் போனார். உனக்கென்ன தயக்கம்?

கூச்சப்படாமல் கேள்

முதலில் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடு. 1856-இல் தொடங்கிய அந்தச் சைதாப்பேட்டைக் கல்லூரி இன்றும் இருக்கிறது. பெண்களுக்கு, 1922 முதல் நடக்கும் லேடி வெலிங்டன் கல்லூரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னைக்கு ரயில் இருக்கிறது. "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று நீயே தீர்ப்பு எழுதாதே. கலந்தாய்வு சொல்லட்டும்!

கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி. அங்கே வாடிக்கையாளரைப் போல நிமிர்ந்து நின்று கேள். குழுமத்தின் அங்கீகாரம் உண்டா? தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இந்த ஆண்டுக்கு உண்டா? இரண்டாண்டுக்கும் சேர்த்து இருநூறு மாணவர் இருந்தால் பதினாறு முழுநேர ஆசிரியர் வேண்டும் என்பது விதி. அவர்கள் பெயரும் படமும் கல்லூரி இணையதளத்தில் இருக்க வேண்டும். அந்த முகங்கள் கல்லூரியில் இருக்கின்றனவா? பயிற்சிக்கு எந்தப் பள்ளி? கட்டணத்துக்கு ரசீது உண்டா?

எந்த வகுப்புக்கு ஆசிரியராகப் போகிறாய் என்பதையும் தெளிவாக்கிக்கொள். ஒன்று முதல் ஐந்து வரை நடத்த பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகள்தான் ஆசை என்றால் தொடக்கக் கல்விப் பட்டயம் படி.

தேர்வு காத்திருக்கிறது

தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர்தான்! ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்றார்கள். தேர்வு மூன்று மணி நேரமானது. தேர்வு மட்டும் போகவில்லை. 2025 செப்டம்பரில், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பாக்கியுள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் அதில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காசு கொடுத்து வாங்கிய வருகைப்பதிவு அந்தத் தேர்வறைக்குள் உன்னோடு வராது.

"வேலையை விட்டால் வீடு என்னாகும்?" நியாயமான கேள்வி. விடை, வரவே வேண்டாத கல்லூரி அல்ல. ஒரு வருடம் ஓவர்டைம் பார், சேமி, அடுத்த ஆண்டு சேர். தாமதமாகச் சேர்ந்தவரைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை. பாடம் நடத்தத் தெரியாதவரைப் பார்த்துப் பிள்ளைகளே சிரித்துவிடுவார்கள்.

உன் ஊர்ப் பள்ளியை நினைத்துப் பார். வீட்டில் தெலுங்கு பேசி வரும் பிள்ளை, செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில். ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த நீ, அவர்கள் வீட்டு அடுப்பு எப்போது எரியும் என்று அறிந்தவன். அவர்களுக்கு அரைகுறை ஆசிரியரைத் தராதே!

ஒரு வேலைநாள், காலை பதினோரு மணி. சொல்லாமல் கொள்ளாமல் நீ தேர்ந்த கல்லூரிக்குப் போ. வகுப்பறையை எட்டிப் பார். காலியாக இருந்தால் திரும்பிப் பாராமல் வெளியே வா. யாராவது கரும்பலகை முன் நின்று திணறிக்கொண்டிருந்தால், அங்கேயே விண்ணப்பம் வாங்கு. அடுத்துத் திணற வேண்டியவன் நீ. அதற்கடுத்து நிமிர வேண்டியவனும் நீயே!